அரைமணிக்காரரும் மூன்றாம் வளைவும்

மலைச்சரிவில் இருக்கும் அந்தக் காட்டுப் பாதையைப் பராமரிக்கிறவருக்கு அரைமணி என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் வேறு ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. வாசலில் தேநீர்க் கடை வைத்திருப்பவர், வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழிக்கும் பெண், அலுவலகத்துக் காவலாளி என்று எல்லாருக்கும் அவர் அரைமணிதான். காரணம் வாசலில் நிற்கும் பலகை. ‘குடும்பத்தோடு செல்ல ஏற்ற காட்டு நடை. சுற்றி வர அரை மணி நேரம்’ என்று பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து. எழுதியவர் அவர். அளந்தவரும் அவரேதான்.

அளந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். பாதை திறப்பதற்கு முந்தைய வாரம், அப்போதிருந்த அதிகாரி அவர் கையில் ஒரு கடிகாரத்தைக் கொடுத்து, ஒரு சுற்று நடந்து பார்த்து நேரத்தை எழுதச் சொன்னார். அன்று மேற்கே மழை இருட்டிக்கொண்டு வந்தது. வீட்டில் துணி காயப்போட்டிருந்த நினைப்பு வேறு. இருபத்தெட்டு நிமிடத்தில் ஏறி இறங்கி வந்து நின்றுவிட்டார். எல்லாருக்கும் தம்மைப் போல் கால் இருக்காது என்று இரக்கப்பட்டு இரண்டு நிமிடம் கூட்டிப் போட்டார். பதினான்கு வருஷமாக, வருஷத்துக்கு ஒரு தடவை அந்தப் பலகைக்குச் சாயம் பூசி எழுத்தைத் துலக்கி வருகிறார். அதில் தப்பு இருக்கலாம் என்று ஒரு நாளும் அவருக்குத் தோன்றியதில்லை.

அவர் நடை அப்படி. பத்தொன்பதாவது வயதில் வனத்துறையில் கூலியாளாகச் சேர்ந்தவர். கோடைத் தீ ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாவாமல் இருக்க, காட்டுக்குக் குறுக்கே புல்லையும் புதரையும் வெட்டி மொட்டைக் கோடு போடுவார்கள். அந்த வேலையில் மெதுவாக நடந்த ஆளை மறுநாள் யாரும் கூப்பிட மாட்டார்கள். அப்போது பழகிய கால் அப்புறம் திருந்தவே இல்லை. மனைவியோடு கடைத்தெருவுக்குப் போனால், காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பி வரும் வழியில்தான் அவளை மறுபடி சந்திப்பார். “அட, இப்பத்தான் வர்றியா?” என்று கேட்பார். கேலிக்கு இல்லை, நிஜமாகவே கேட்பார்.

பாதையைப் போட்டது ஐந்து பேர். அவர் அதில் ஒருவர். பதினொரு மாதம் சிமெண்டும் கல்லும் சுமந்தார்கள். மற்ற நான்கு பேரும் வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விட, இவர் மட்டும் பாதையோடு தங்கிவிட்டார். வாசலுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை. உள்ளே மண்வெட்டி, கடப்பாரை, அரிவாள், ரம்பம், சாய டப்பா, ஆணி போட்ட பால்மாவு டின், ஒரு கோணிப்பை. காலையில் விழுந்த கிளைகளை வெட்டி ஒதுக்குவார். மழை அரித்த படியில் மண் போட்டு மிதிப்பார். சாயங்காலம் கோணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு சுற்று போய்க் குப்பை பொறுக்குவார். அந்தப் பாதையில் எந்த மரத்தின் வேர் எந்தப் பக்கம் துருத்திக்கொண்டிருக்கிறது என்று கண்ணைக் கட்டி விட்டாலும் சொல்லுவார்.

அவருக்குப் பரம எதிரி மூன்றாம் வளைவு. கோணிப்பையில் பாதி அங்கேதான் நிறையும். ஆரஞ்சுத் தோல், பிஸ்கட் உறை, தண்ணீர் பாட்டில், கைக்குட்டை, ஒரு தடவை ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு. மற்ற இடமெல்லாம் ஒழுங்காக நடந்து வருகிற ஜனம், அந்த வளைவுக்கு வந்ததும் ஏன் இப்படி நாகரிகம் கெட்டுப் போகிறது என்று அவருக்கு விளங்கியதே இல்லை. ‘இங்கே குப்பை போடாதீர்கள்’ என்று ஒரு பலகை வைத்தார். குறையவில்லை. அதற்குப் பக்கத்திலேயே ‘மீறினால் அபராதம்’ என்று இன்னொன்று வைத்தார். ஜனங்கள் அதன் முனையில் கைப்பையை மாட்டிவிட்டுத் தின்றார்கள்.

பாதை முழுக்க இரண்டே பெஞ்சுகள். வாசலில் ஒன்று, உச்சியில் ஒன்று. நடுவில் ஒன்று போடலாமே என்று யாராவது கேட்டால், “நடுவுல போட்டா சோம்பேறித்தனம் வந்துரும்” என்பார். அரை மணி நேரத்தில் முடியவில்லையே என்று மூச்சு வாங்க வந்து குறை சொல்கிறவர்களுக்கு அவரிடம் வேறொரு பதில் தயாராக இருந்தது. “என் வீட்டுக்காரிக்கு அப்பவே முழங்கால் வலி. திறப்பு விழா அன்னைக்கு அவளே ஏறி இறங்கிட்டா. உங்களுக்கு என்ன?” இதைக் கேட்டு வாயடைத்துப் போனவர்கள் ஏராளம்.

ஒரு நாள் புது மேற்பார்வையாளர் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். முப்பத்தைந்து வயதுப் பெண். பேச்சில் கறார். மேசை மேல் ஒரு கோப்பு, அதில் இருபதுக்கு மேல் கடிதங்கள். உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை. உட்கார்ந்து பழக்கமில்லை.

மேற்பார்வையாளர் ஒரு கடிதத்தை எடுத்துப் படித்தார். ‘அரை மணி நேரம்தானே என்று பால் புட்டியைக் காரிலேயே வைத்துவிட்டுப் போனோம். குழந்தை ஒன்றரை மணி நேரம் அழுதது. நாங்களும் அழாத குறை.’ இன்னொன்று ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் எழுதியது. ‘தங்கள் அரை மணி நேரத்தில் எத்தனை நிமிடம் என்பதைத் தெரிவித்தால் நன்றாக இருக்கும்.’

“இதை யார் அளந்தது?” என்று கேட்டார்.

“நான்தான் மேடம்.”

“நடந்தா, ஓடியா?”

“நடந்துதான். அன்னைக்கு மழை வர்ற மாதிரி இருந்துச்சு.”

மேற்பார்வையாளர் சிரிக்கவில்லை. விஷயத்தைச் சொன்னார். குடும்ப நடை என்று பட்டியலில் இருக்க வேண்டுமானால் சுற்றி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகக் கூடாது. தலைமை அலுவலகத்தின் புது விதி. ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர், ஆறு வயதுக்குள் ஒரு குழந்தை, இவர்களை நடக்க வைத்து மறுபடி அளக்க வேண்டும்.

“ஒரு மணி நேரத்தைத் தாண்டிட்டா?”

“பட்டியல்ல இருந்து எடுத்துருவாங்க. மலையேறுறவங்க பாதையாயிடும். மேல இருக்கிற காவலர்களே பாத்துப்பாங்க. தனியா ஆள் தேவையில்ல. உங்களை நாற்றங்காலுக்கு மாத்திருவாங்க.”

நாற்றங்கால் என்பது அடிவாரத்தில், நிழல்வலைக்குக் கீழே, உட்கார்ந்த இடத்திலேயே சின்னச் சின்னப் பைகளில் மண் நிரப்பும் வேலை. ஓய்வு பெற இன்னும் ஏழு வருஷம் இருக்கிறது. ஏழு வருஷம் உட்கார்ந்தபடி மண் அள்ளிப் போடுவதை நினைத்துக்கொண்டே மேசைப் பக்கம் ஒரு எட்டு நெருங்கினார்.

“அளக்குறப்ப யார் வந்து பாப்பாங்க மேடம்?”

“யாரும் வரமாட்டாங்க. அதுக்கு ஆள் ஏது? உங்க வீட்டு ஆளுங்களையே கூட்டிட்டுப் போங்க. நீங்களே எழுதி, நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுங்க. ஆனா அவங்க வேகத்துக்கு நடக்கணும். பிள்ளையைத் தூக்கிட்டு ஓடக் கூடாது.”

வீட்டுக்கு வந்தார். முன் அறையில் மனைவி தையல் இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பள்ளிச் சீருடை தைப்பது அவள் தொழில். இருபத்தைந்து வருஷமாக மிதித்து மிதித்து இடது முழங்கால் தேய்ந்து, இரண்டு வருஷத்துக்கு முன் அறுவை சிகிச்சை ஆனது. மெதுவாக ஏறி இறங்குவது நல்லது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வயதும் ஐம்பதைத் தாண்டியிருந்தது. அதனால் அவளைக் கூட்டிப் போவதில் தடை எதுவும் இல்லை.

“ஞாயித்துக்கிழமை மலைக்கு வர்றியா?”

அவள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். “எந்த மலைக்கு?”

“நம்ம பாதைக்குத்தான். நீ ஏற்கெனவே ஏறினதுதானே.”

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “ம்” என்றாள்.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் நாற்றங்கால் என்றார்.

“அங்க நிழலா இருக்குமே.”

“நிழல்ல உக்காந்து நான் என்ன பண்றது?”

“நான் இருபத்தஞ்சு வருஷமா என்ன பண்றேன்?”

கை கால் கழுவப் போய்விட்டார்.

குழந்தைக்கு மைத்துனியின் மகள் இருந்தாள். ஐந்து வயது. எதைச் சொன்னாலும் எதிர்க்கேள்வி கேட்பதால் குடும்பத்தில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். இவர்கள் மகன் வேலைக்காக வெளியூர் போனதிலிருந்து பெரியம்மா வீட்டிலேயே பாதி நாள் கிடப்பாள். ஞாயிறு காலையில் மைத்துனி அவளைக் கொண்டுவந்து விட்டாள். “மாமா, இவளை ஒரு மணி நேரத்துல நடக்க வைக்கிறது உங்க சாமர்த்தியம். எனக்கு இவளைச் செருப்புப் போட வைக்கவே அரை மணி நேரம் ஆகும்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சரியாக ஒன்பது மணிக்கு வாசலில் நின்றார்கள். தேநீர்க் கடைக்காரர் கண்ணாடி டம்ளரைத் துடைத்தபடி, “என்ன அரைமணி, இன்னைக்குக் குடும்பத்தோட கிளம்பியாச்சா? அதிசயமா இருக்கே” என்றார். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, “பேச நேரமில்ல” என்றார். மூன்றாம் வளைவுக்குப் பன்னிரண்டு நிமிடம், உச்சிக்கு முப்பது, இறங்க இருபத்தைந்து. நிதானமாகப் போட்ட கணக்கு என்று அவருக்குத் திருப்தி.

கணக்கு முதல் படியிலேயே ஆட்டம் கண்டது. வக்கீல் படிகளை எண்ணிக்கொண்டு ஏறினாள். முப்பத்தொன்றில் ஒரு வண்ணத்துப்பூச்சியைப் பார்த்து எண்ணிக்கை மறந்து போனது. மறுபடி கீழே போய் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும் என்றாள்.

“முப்பத்தொண்ணு பாப்பா. நான் பாத்துட்டுதான் இருந்தேன்.”

“நீங்க எண்ணினது உங்களுக்கு. நான் எண்ணினாத்தான் எனக்கு.”

“சீக்கிரம் போகணும்மா.”

“எதுக்கு? மலை எங்கயாவது போயிடுமா பெரியப்பா?”

மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். குழந்தை கீழே இறங்கிப் போய் ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தது. நான்கு நிமிடம் போயிற்று. பிறகு ஒரு எறும்பு வரிசை. பிறகு சிறுநீர். பிறகு இடது செருப்புக்குள் ஒரு கல், அது வலது செருப்பில் இருப்பதாகத் தெரிந்து அதையும் கழற்றியது. அவர் பொறுக்க மாட்டாமல் குழந்தையைத் தூக்கப் போனார். “தூக்கக் கூடாதுன்னு மேடம் சொன்னதா நீங்கதானே சொன்னீங்க” என்றாள் மனைவி. கையை எடுத்துக்கொண்டார்.

மனைவி மெதுவாக ஏறினாள். ஒவ்வொரு படிக்கும் வலது காலை முதலில் வைத்து, கைப்பிடிக் கம்பியைப் பற்றி, இடது காலைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திப் பிறகுதான் அடுத்த படி. அவர் வழக்கம்போலப் பத்தடி முன்னால் போய் நின்று, கடிகாரத்தைப் பார்த்து, திரும்பி வந்து, மறுபடி முன்னால் போனார். அப்படிப் போன தூரத்தைக் கூட்டினால் தனியாக இன்னொரு சுற்றே முடித்திருப்பார்.

மூன்றாம் வளைவுக்கு வந்து சேர்ந்தபோது மணி ஒன்பது முப்பத்தெட்டு. அங்கே ஓரமாக ஒரு தட்டைக் கல் உண்டு. மனைவி அதில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். தோளில் இருந்த துணிப்பையைக் கழற்றி, பக்கத்தில் தோதாக இருந்த அபராதப் பலகையின் முனையில் மாட்டினாள். குழந்தை தரையிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்து, “பசிக்குது” என்றது. பையிலிருந்து ஒரு ஆரஞ்சு வெளியே வந்தது.

அவர் நின்று பார்த்தார். முதல் தோல் கீழே விழுந்தது. இரண்டாவது தோல் விழுந்தது. தினமும் சாயங்காலம் அவர் குனிந்து பொறுக்கும் அதே இடம்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வாசலிலிருந்து கிளம்பினால் இந்த வளைவில்தான் கால் விட்டுப் போகிறது. எல்லாரும் உட்கார்கிறார்கள். பிள்ளைக்குத் தின்ன ஏதாவது கொடுத்துச் சமாதானம் செய்கிறார்கள். மேலே போவதா, திரும்புவதா என்று பேசிக்கொள்கிறார்கள். பதினான்கு வருஷமாக ஜனங்கள் இதைக் கோணிப்பை கோணிப்பையாக அவருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவர் பதிலுக்குத் திட்டினார், இரண்டு பலகை நட்டார். நட்டிருக்க வேண்டியது ஒரு பெஞ்சு. தம்மைத் தாமே தலையில் குட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

குழந்தை சுளையை மென்றுகொண்டே, “பெரியம்மா, மேல என்ன இருக்கு?” என்று கேட்டது.

“தெரியலடா கண்ணு. நானும் பாத்ததில்ல.”

அவர் திரும்பினார். “என்ன பாத்ததில்ல? திறப்பு விழா அன்னைக்கு ஏறினியே.”

“ஏறினேன். இது வரைக்கும் ஏறினேன். இதே கல்லுலதான் உக்காந்தேன். நீங்க அதிகாரிங்களோட முன்னால போயிட்டீங்க. பையனும் உங்க பின்னாலயே ஓடிட்டான். கொஞ்ச நேரம் பாத்தேன். அப்புறம் இறங்கிட்டேன்.”

“நாங்க வந்தப்ப கீழ நின்னுட்டிருந்தியே. எப்படி இருந்துச்சுன்னு கேட்டதுக்கு நல்லா இருந்துச்சுன்னு சொன்னியே.”

“தேநீர் நல்லா இருந்துச்சு.”

அவருக்கு முகம் சூடானது. எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார். மூச்சு வாங்க வந்த முதியவர்களிடம், கைக்குழந்தைக்காரிகளிடம், கணக்கு வாத்தியாரிடமும் சொல்லியிருக்கலாம்.

“நீ சொல்லியிருக்கலாம்ல. நான் உன்னை வச்சு எல்லார்கிட்டயும்...”

“தெரியும். தேநீர்க் கடைக்காரர் சொன்னார். நான் மலையேறுறதுல பெரிய கெட்டிக்காரின்னு ஊர்ல பேராம்.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். “இறங்கிடலாமா? கால் வலிக்குதுன்னா வேண்டாம்” என்றார்.

“இல்ல. வந்தது வந்தாச்சு. இன்னைக்குப் பாத்துரணும்.”

இருபது நிமிடம் கழித்து எழுந்தாள். அவர் தோல்களைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கடிகாரத்தைக் கழற்றிக் கால்சட்டைப் பைக்குள் போட்டார். பிறகு அவர்களை முன்னால் விட்டுப் பின்னால் நடந்தார்.

தாம் போட்ட பாதையை இன்னொரு ஆளின் முதுகுக்குப் பின்னால் இருந்து அவர் பார்த்ததே இல்லை. நான்காம் வளைவுக்கு மேலே படிகள் ஒவ்வொன்றும் முக்கால் அடி உயரம். அந்த உயரம் அவருடைய முழங்காலைக் கேட்டு வைத்தது. கைப்பிடிக் கம்பி செங்குத்தான இடத்துக்கு நாலு எட்டு முன்னாலேயே முடிந்துபோனது. குழாய் தீர்ந்துவிட்டது என்று அப்போது விட்டது, பிறகு யாரும் கேட்கவில்லை என்று அப்படியே கிடந்தது. அந்த இடத்தில் மனைவி கையை நீட்டிக் கம்பியைத் தேடினாள். அவர் இரண்டு எட்டில் போய்த் தோளைக் கொடுத்தார். அவள் பிடித்துக்கொண்டாள். திருமணமான புதிதில் ஆற்றைக் கடக்கும்போது பிடித்தது. அதற்குப் பிறகு இப்போதுதான்.

உச்சியில் மரங்கள் விலகி, பாறை மேல் ஒரு சிமெண்டு பெஞ்சு. அதன் கால்களைச் சுமந்தது அவர்தான், இரண்டு நடையாக. கீழே ஊர் முழுக்கத் தெரிந்தது. மனைவி பெஞ்சில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தெருத்தெருவாகத் தேடி வீட்டைக் கண்டுபிடித்தாள். நீலத் தகரக் கூரை. முற்றத்துக் கொடியில் காலையில் அவள் காயப்போட்ட போர்வை. குழந்தை தன் வீட்டையும் கண்டுபிடித்தாக வேண்டும் என்று அடம்பிடித்தது. அது கிடைக்காததால் ஒரு தண்ணீர்த் தொட்டியைக் காட்டி அதுதான் என்று சமாதானம் செய்தார்கள்.

“இதைப் பாக்கத்தான் தினம் ஓடி ஓடி வந்தீங்களா?” என்றாள் மனைவி.

“ஆமா.”

“நல்லா இருக்கு.”

இந்தத் தடவை அவள் தேநீரைச் சொல்லவில்லை. அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தார். தாம் போட்ட பெஞ்சில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

வந்த வழியே இறங்கி வாசலுக்கு வந்து சேர்ந்தபோது பதினொன்று பத்து. இரண்டு மணி பத்து நிமிடம்.

அன்று சாயங்காலம் அடுப்படியில் சின்ன மேசைக்கு முன்னால் அந்தப் படிவத்தோடு உட்கார்ந்தார். மனைவி முதுகைக் காட்டியபடி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ‘எடுத்துக்கொண்ட நேரம்’ என்ற கட்டத்தில் பென்சிலால் ஐம்பத்தைந்து நிமிடம் என்று எழுதினார். எழுதிவிட்டுப் பார்த்தார். படிகளை எண்ணிய நேரத்தைக் கழித்தால், எறும்பைக் கழித்தால், ஆரஞ்சைக் கழித்தால், பெஞ்சில் உட்கார்ந்ததைக் கழித்தால், சுமாராக அவ்வளவுதான் வரும் என்று தமக்குத் தாமே வாதாடிக்கொண்டார். வக்கீல் இருந்திருந்தால் ஒரே கேள்வியில் மடக்கியிருப்பாள்.

நாற்றங்காலின் நிழல்வலையும் மண்பைகளும் கண் முன்னே வந்து நின்றன. பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். ஆனால் மனசு படிவத்தில் இல்லை. காலையிலிருந்து கேட்க நினைத்தது வெளியே வந்துவிட்டது.

“அன்னைக்கு அந்த வளைவுல உக்காந்தப்ப, என்னை ஒரு குரல் கூப்பிட்டிருக்கலாமே.”

குழாயை மூடிய சத்தம் கேட்டது.

“கூப்பிட்டேன்.”

“எப்ப?”

“நீங்க நாலாம் வளைவு திரும்புறதுக்குள்ள. மூணு தடவை ஏங்க, ஏங்கன்னு கூப்பிட்டேன். மூணாவது தடவை நல்லா சத்தமாவே கூப்பிட்டேன். கூட வந்தவங்கள்ல ஒருத்தர் திரும்பிப் பாத்தார். நீங்க பாக்கல.”

“காதுல விழல.”

“தெரியும். வேணும்னு பண்ற ஆள் இல்ல நீங்க. அதனாலதான் இத்தனை வருஷமா சொல்லல.”

அவள் மறுபடி குழாயைத் திறந்தாள். உட்காரத் தெரியாத மனிதர் அன்று எழுந்திருக்க மறந்துபோனார். முழு அழிப்பான் வீட்டில் இல்லை. தையல் இயந்திரத்து இழுப்பறையில் ஒரு துண்டு கிடந்ததைத் தேடி எடுத்து வந்து, ஐம்பத்தைந்தை அழித்தார். பேனாவால் இரண்டு மணி பத்து நிமிடம் என்று எழுதினார். கீழே ‘குறிப்பு’ என்ற இடம் காலியாக இருந்தது. அதில் நுணுக்கி நுணுக்கி எழுதினார். ‘மூன்றாம் வளைவு வரை ஏற முப்பத்தெட்டு நிமிடம், அங்கிருந்து இறங்க இருபது நிமிடம். அங்கே எல்லாரும் களைத்துப் போகிறார்கள். பெஞ்சு தேவை. அதற்கு மேலே படிகள் உயரம் அதிகம். கைப்பிடிக் கம்பி பத்தவில்லை. முதலில் நான் எழுதிய அரை மணி நேரம் தவறு.’ கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் மேற்பார்வையாளர் படிவத்தை இரண்டு தடவை படித்தார். “ஒரு மணி நேரம்னு எழுதியிருந்தா நான் நம்பியிருப்பேன்” என்றார்.

“தெரியும் மேடம்.”

“இதனால என்ன ஆகும்னும் தெரியும்ல?”

“தெரியும்.”

மூன்று வாரம் கழித்து உத்தரவு வந்தது. முழுச் சுற்று குடும்ப நடைப் பட்டியலிலிருந்து நீங்கியது. உச்சியும் மேல் படிகளும் காவலர்கள் வசம் போயின. மூன்றாம் வளைவு வரை போய்த் திரும்பும் பாதை மட்டும் பட்டியலில் தங்கியது. அதற்கு வாரம் மூன்று நாள் ஆள் போதும். மீதி மூன்று நாள் அவர் நாற்றங்காலில் மண் நிரப்ப வேண்டும். அவருக்கு அது வலிக்கத்தான் செய்தது. முதல் நாள் நிழல்வலைக்குக் கீழே உட்கார்ந்து எழுந்தவர், வீட்டுக்கு வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு, “இதை நீ எப்படித்தான் இருபத்தஞ்சு வருஷம் செஞ்சியோ” என்றார். மனைவி ஒரு தலையணையைக் கொண்டுவந்து இடுப்புக்குக் கொடுத்தாள்.

வாசல் பலகையை இறக்கிப் புதிதாக எழுதினார். ‘மூன்றாம் வளைவு வரை போய் வர ஒரு மணி நேரம். உச்சி வரை ஏறி இறங்க இரண்டேகால் மணி நேரம். தண்ணீரும் தின்பண்டமும் எடுத்துச் செல்லவும். தோலைத் திரும்பக் கொண்டுவரவும்.’ தேநீர்க் கடைக்காரர் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “அப்ப இனிமே உங்களை ரெண்டேகால்னு கூப்பிடணுமா?” என்று கேட்டார். அந்தப் பெயர் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. அரைமணி அரைமணியாகவே இருந்துவிட்டார்.

பெஞ்சுக்குப் பலகை வாங்க அலுவலகத்தில் எழுதிப் போட்டால் அடுத்த வருஷம்தான் வரும். அவர் காத்திருக்கவில்லை. குப்பைப் பலகையையும் அபராதப் பலகையையும் பிடுங்கி, எழுத்து அடிப்பக்கம் வரும்படி கவிழ்த்துப் போட்டு, நான்கு கட்டைக் கால்களில் அறைந்தார். குனிந்து பார்த்தால் ‘மீறினால் அபராதம்’ என்று இப்போதும் தெரியும். வக்கீல் குனிந்து பார்த்து, எழுத்துக் கூட்டிப் படித்து, இங்கே உட்கார்ந்தால் அபராதம் உண்டா என்று கேட்டாள். உட்காராவிட்டால்தான் உண்டு என்று அவர் சொன்னார்.

அடுத்த ஞாயிறும் மூன்று பேரும் போனார்கள். பெஞ்சின் ஒரு கால் ஆடுகிறது என்று மனைவி முந்தின தடவையே புகார் சொல்லியிருந்ததால், அவர் தோளில் ரம்பமும் கையில் ஆணி டின்னுமாகக் கிளம்பினார். குழந்தை எண்ணிக்கொண்டு வந்தது. போகப் போகக் கால் தன் புத்தியைக் காட்டிவிட்டது. முதல் வளைவு தாண்டி, இரண்டாவதும் தாண்டி, ஆடுகிற காலுக்கு எந்தப் பக்கம் ஆப்பு வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டே விறுவிறுவென்று ஏறிக்கொண்டிருந்தார்.

கீழேயிருந்து குரல் வந்தது. சத்தமாகக்கூட இல்லை.

“ஏங்க.”

அவர் நின்றார். டின்னில் ஆணிகள் குலுங்கின. திரும்பி, கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். இரண்டு படிக்கட்டு வரிசைக்குக் கீழே அவள் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள்.

“என்ன? கால் வலிக்குதா? வரட்டுமா?”

“ஒண்ணுமில்ல” என்றாள். “கேக்குதான்னு பாத்தேன்.”